அட்டை யாருக்குச் சொந்தம்? இணையவழிச் சேகரிப்பில் வாக்கும் விலையும்

பபிள்கம் உறைக்குள் வந்த கிரிக்கெட் வீரர் படங்களைப் பள்ளி இடைவேளையில் கைமாற்றிக்கொண்ட தலைமுறைக்கு, ஓர் அட்டையின் விலை நாற்பதாயிரம் ரூபாய் என்பது நம்புதற்கரிய செய்தியாகவே தோன்றும். ஆயினும் 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை ஒன்று 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் நாட்டிலும் போக்கிமான் அட்டைகளையும் கிரிக்கெட் அட்டைகளையும் சேர்ப்போர் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் குழுக்களில் கூடி, ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே வாங்கி விற்கின்றனர். அங்கே எழும் பூசல்களுள் பெரும்பாலானவை போலி அட்டை பற்றியவை அல்ல. கொடுத்த வாக்கு பற்றியவை. "எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, கூடுதல் விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டார்" என்பது ஒரு தரப்பு. "வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு வாரம் காக்க வைத்துவிட்டுக் காணாமற்போனார்" என்பது மறுதரப்பு.

வங்கியாகிய எங்களிடம் இது பணத்தைத் திருப்பித் தரக் கோரும் விண்ணப்பமாக வந்து சேர்கிறது. அந்த விண்ணப்பத்துக்கு வங்கி என்ன செய்ய இயலும் என்பதற்கு முன், உடன்பாடு எக்கணத்தில் முடிந்தது என்பதை அறிதல் வேண்டும். வணிகவியல் பட்டப்படிப்பில் வணிகச் சட்டத் தாளை எழுதிய நம்மில் பலரும் முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் என்று மனப்பாடம் செய்து தேர்வறையில் இறக்கிவைத்துவிட்டு வந்தவர்களே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அஞ்சல் கடிதத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. எனினும் கைப்பேசியில் நடக்கும் இன்றைய பேரங்களுக்கும் அது வியப்பளிக்கும் அளவுக்குப் பொருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். குவாஹாட்டியில் உள்ள ஒருவர், தரச்சான்று நிறுவனம் சோதித்து மதிப்பெண் இட்டு நெகிழிப் பேழையில் முத்திரையிட்ட சாரிசார்டு அட்டை ஒன்றின் படத்தை ஞாயிறு இரவு 9 மணிக்குக் குழுவில் இடுகிறார். கீழே "40,000" என்று எழுதுகிறார். 9.10க்கு நாக்பூரிலிருந்து ஒருவர் "36,000க்குத் தருவீர்களா?" என்கிறார். 9.20க்கு விற்பவர், "நாற்பதுக்குக் கீழே இல்லை." 9.25க்கு நாக்பூர்க்காரர், "சரி, நாற்பதாயிரம். எனக்கே." 9.30க்கு விற்பவர், "சரி, உங்களுக்கே. நாளை பணம் அனுப்புங்கள்." பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து மூன்றாமவர் ஒருவர் தனிச்செய்தியில், "52,000 தருகிறேன்" என்கிறார்.

படத்துடன் விலையை இட்டது முன்மொழிவு அன்று. கடைச் சாளரத்தில் விலைச்சீட்டுடன் பொருளை வைப்பதைப் போல, அது முன்மொழிவு செய்ய வாருங்கள் என்னும் அழைப்பு மட்டுமே. ஆகவே படத்தின் கீழ் முதலில் "எனக்கு" என்று எழுதியவருக்கே அட்டை உரியது என்று குழுக்களில் நிலவும் நம்பிக்கை, சட்டத்தின் பொதுவிதியிலிருந்து பிறப்பதன்று. "முதலில் கேட்பவருக்கே" என்று விற்பவர் வெளிப்படையாக எழுதியிருந்தாலோ, குழுவின் விதி அவ்வாறு இருந்து அதை ஏற்றே அனைவரும் சேர்ந்திருந்தாலோ நிலைமை வேறு.

"நாற்பதுக்குக் கீழே இல்லை" என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகின்றனர். ஏறக்குறைய இதே சொற்றொடர் நம் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. குடகு நாட்டின் மெர்காராவில், அதாவது இன்றைய மடிகேரியில், ஒரு பங்களாவை வாங்க அப்பண்ணா என்பவர் முயன்றார். உரிமையாளரான கர்னல் மக்பெர்சன், பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்தால் ஏற்பதற்கில்லை என்று தந்தி அனுப்பினார். அப்பண்ணா பத்தாயிரத்துக்கு இசைந்தார். ஆனால் வீடு, அதைவிடக் கூடுதலாகத் தர முன்வந்த வேறொருவருக்குப் போயிற்று. 1951இல் உச்ச நீதிமன்றம் கூறிய முடிவு: அந்தத் தந்தி விற்பதற்கான முன்மொழிவு அன்று, பேரத்தைத் தொடர்வதற்கான அழைப்பே, பத்தாயிரம் தருகிறேன் என்று அப்பண்ணா சொன்னதுதான் முன்மொழிவு, அதை உரிமையாளர் ஏற்கவில்லை, எனவே ஒப்பந்தம் ஏற்படவேயில்லை. விலையைத் தெரிவிப்பது வேறு, விற்க இசைவது வேறு என்பது இதன் சாரம்.

இந்த அளவுகோலை நம் ஞாயிற்றுக்கிழமை உரையாடலுக்கு வைத்துப் பார்த்தால், 9.25க்கு நாக்பூர்க்காரர் சொன்னது முன்மொழிவு. 9.30க்கு விற்பவர் சொன்னது ஏற்பு. பெங்களூர்ச் செய்தி 9.27க்கு வந்திருந்தால் விற்பவர் தாராளமாக அதைத் தேர்ந்துகொண்டிருக்கலாம். அவரை வாக்குத் தவறியவர் என்று ஏசுதல் முறையாகாது. பத்து மணிக்கு வந்த செய்தி, எத்தனை ஆயிரம் கூடுதலாயினும், காலம் கடந்தது. இந்த மூன்று நிமிடம், முப்பது நிமிடம் என்னும் வேறுபாட்டைக் காணாமலேயே குழுக்களில் பெரும்பாலான வசைமாரி பொழியப்படுகிறது என்பது எங்கள் கருத்து.

ஏற்பு நிபந்தனையற்றதாக இருத்தல் வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. "சரி, ஆனால் அஞ்சல் செலவு உங்களுடையது" என்பது ஏற்பு அன்று, புதியதொரு முன்மொழிவு. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பது எதுவுமே அன்று. வெறுமனே ஒரு கட்டைவிரல் குறியை இட்டால்? கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆளி விதை வாங்கும் வணிகர் ஒருவர் ஒப்பந்தப் படிவத்தைப் படமெடுத்து அனுப்ப, உழவர் கட்டைவிரல் குறியொன்றைப் பதிலாக இட்டார். படிவம் கிடைத்தது என்பதே அதன் பொருள் என்று பின்னர் அவர் வாதிட்டார். அவ்விருவருக்குமிடையே முன்னர் நடந்த கொடுக்கல் வாங்கல்களை நோக்கிய நீதிமன்றம், அது ஏற்பே என்று 2023இல் கூறி, 82,000 டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "சும்மா ஒரு குறிதானே" என்று இருந்துவிடலாகாது என்பதற்கு அது போதும்.

"எழுத்துமூலம் கையொப்பம் இல்லையே" என்ற வாதமும் நிற்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செயலற்றுப் போகாது என்கிறது. 1959இல் அகமதாபாத் வணிகருக்கும் காம்காவ் ஆலையினருக்கும் தொலைபேசியில் பேசி முடிவான பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு பேரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தொலைபேசியில் ஏற்பு எங்கே கேட்கப்பட்டதோ அங்கே ஒப்பந்தம் ஏற்பட்டது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். உடனுக்குடன் நடக்கும் உரையாடலுக்கு இதுவே நெருங்கிய வழிகாட்டி. எதிர்த் தரப்பு படித்துவிட்ட ஏற்பை, பிறகு "அனைவருக்கும் நீக்கு" என்னும் பொத்தானால் அழிப்பதால் ஒப்பந்தம் அழிவதில்லை; சான்று மட்டுமே அழிகிறது.

"வெள்ளிக்கிழமை வரை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்" என்ற உறுதிமொழி அடுத்த சிக்கல். இங்கிலாந்தில் 1874இல் டாட்ஸ் என்பவர் தம் வீட்டை 800 பவுனுக்கு டிக்கின்சனுக்குத் தருவதாகவும், வெள்ளி காலை 9 மணி வரை அதைத் திறந்து வைத்திருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். வியாழனன்றே வேறொருவருக்கு விற்க இசைந்தார். செய்தி பிறர் வாயிலாக டிக்கின்சன் காதுக்கு எட்டிற்று. அவர் வழக்காடித் தோற்றார். திறந்து வைத்திருப்பதாகச் சொன்ன வாக்குக்கு மறுபயன் ஏதும் தரப்படவில்லை என்பதே காரணம். நம் சட்டத்திலும் மறுபயன் இல்லாத உடன்பாடு, சில விதிவிலக்குகள் நீங்கலாகச் செல்லாது. ஆகவே வெறும் வாயால் எடுத்து வைப்பது நல்லெண்ணம் மட்டுமே. அதற்கென 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு எடுத்து வைத்தால் அது கடப்பாடு ஆகிவிடுகிறது.

அந்த 2,000 எத்தகையது என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுதல் நன்று. நம் வழக்கில் அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. அச்சாரம் என்பது உடன்பாட்டை நிறைவேற்றுவதற்கான பிணை. கொடுத்தவர் பின்வாங்கினால் இழப்பார், நிறைவேறினால் விலையில் கழியும். முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தது. விற்பனை முறிந்தால், விற்பவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பைக் கோரலாமேயன்றி, அத்தொகையைத் தாமே விழுங்கிவிட இயலாது. "டோக்கன் அனுப்பினேன்" என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால்தான் சண்டை. "விற்பவர் பின்வாங்கினால் இருமடங்கு" என்று இருவரும் எழுதிக்கொண்டாலும், 74ஆம் பிரிவின்படி அத்தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும்.

குழுக்களில் நடக்கும் ஏலங்களுக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில் தனி விதி வகுத்திருக்கிறது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டும் வரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். "இரவு 10 மணிக்கு முடியும்" என்று அறிவித்த ஏலத்தில் அந்தக் கணமே சுத்தியல் என்று கொள்ளுதல் பொருந்தும். 9.58க்கு ஒருவர் பின்வாங்குவது சேகரிப்போரிடையே இழிவாகக் கருதப்படலாம். சட்டப்படி அது அவர் உரிமை. 10.02க்குப் பின்வாங்குவது ஒப்பந்த மீறல். இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. உச்ச விலை கேட்டவர் ஓடிவிட்டால், விற்பவர் அடுத்தவரிடம் சென்று "நீங்கள் 31,000 கேட்டீர்களே, அனுப்புங்கள்" என்று வற்புறுத்துவார். அடுத்தவருக்கு அந்தக் கடப்பாடு இல்லை. அவரைவிடக் கூடுதலாக ஒருவர் கேட்ட அந்தக் கணமே அவருடைய கேள்வி காலாவதியாகிவிட்டது. அவர் விரும்பினால் வாங்கலாம், புதிய விலையும் பேசலாம். மேலும், ஓடிப்போனவர் விற்பவருடைய ஆளாகவே இருந்து விலையை ஏற்றிவிட்டவராயின், அவ்வாறு பொய்க்கேள்வியால் உயர்ந்த விற்பனையை வாங்கியவர் தம் விருப்பப்படி தள்ளிவிடலாம்.

மீண்டும் சாரிசார்டுக்கு வருவோம். குவாஹாட்டிக்காரர் வாக்கு மாறி 52,000க்கு அட்டையைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். நாக்பூர்க்காரருக்கு என்ன கிடைக்கும்? குறிப்பிட்ட ஒரே பொருளை நிபந்தனையின்றி விற்க இசைந்துவிட்டால், பணம் பிறகு வந்தாலும், இருவரின் எண்ணம் வேறாக இல்லாதவரை, இசைந்த கணமே உரிமை வாங்குபவருக்கு மாறுகிறது. அவ்வாறெனில் அட்டை நாக்பூருக்கு உரியது அல்லவா? அவசரப்படலாகாது. விற்ற பொருளைத் தம் கையிலேயே வைத்திருக்கும் ஒருவர் அதை இரண்டாவதாக வேறொருவருக்கு விற்று ஒப்படைத்தால், முந்தைய விற்பனையை அறியாது நன்னம்பிக்கையுடன் வாங்கிய அந்த இரண்டாமவருக்கு நல்லுரிமை கிடைத்துவிடும் என்கிறது அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு. எனவே பெங்களூர்க்காரர் குழுவின் உரையாடலைப் பார்த்தாரா என்பதே கேள்வியாகிறது. பொதுவில் "உங்களுக்கே" என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு தனிச்செய்தியில் கூடுதல் விலை சொன்னவர் தம்மை அறியாதவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. விற்பனை முடிந்ததும் குழுவிலேயே "விற்றாயிற்று" என்று எழுதச் சொல்லிப் பெறுவது வாங்குபவருக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பது இதனால் விளங்கும்.

பணக் கணக்கு பெரும்பாலும் ஏமாற்றமளிப்பதே. இழப்பீடு என்பது உடன்பட்ட விலைக்கும் மீறல் நிகழ்ந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடு. அதே மதிப்பெண் பெற்ற மற்றோர் அட்டை 46,000க்குக் கிடைக்குமாயின் நாக்பூர்க்காரருக்கு உரியது 6,000. பெங்களூரின் 52,000 சந்தை விலைக்கு ஒரு சான்றாகலாம்; அதுவே சந்தை விலை ஆகிவிடாது. "நான் அதை 60,000க்கு விற்றிருப்பேன்" என்ற கனவு, உடன்பாட்டின்போதே விற்பவருக்கு அது தெரிந்திருந்தாலன்றி, கணக்கில் சேராது. உலகில் ஒன்றே ஒன்று என எண்ணிடப்பட்ட அட்டையாக இருந்து, அது இன்னும் விற்பவர் கையில் இருந்தால், அட்டையையே ஒப்படைக்கும்படி கேட்க வழியுண்டு. வாங்குபவர் ஓடிப்போனாலும் இதே கணக்குதான், தலைகீழாக: விற்பவர் முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு 34,000க்கு மறுவிற்பனை செய்தால், குறைந்த 6,000ஐக் கோரலாம். அறிவிக்காமல் விற்றுவிட்டு வந்தால் அந்தக் கோரிக்கை வலுவிழக்கும். "செவ்வாய் மாலைக்குள் பணம் வராவிடில் வேறொருவருக்கு விற்பேன்" என்ற ஒரு வரி போதும்.

ஆறாயிரத்துக்காக வழக்குரைஞரை அமர்த்துவோர் சிலரே. வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணமின்றிப் பேசித் தீர்க்கலாம் என்பது குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி. எங்கே சென்றாலும் திரைப்படம் எடுத்த ஒரு துண்டு உரையாடல் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின்படி மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் தேவைப்படும். ஆகவே அந்த உரையாடல் உள்ள கைப்பேசியையும் முழு உரையாடலின் ஏற்றுமதிக் கோப்பையும் காத்து வைத்தல் வேண்டும்.

இனி வங்கியின் பங்கு. யூபிஐயில் நீங்களே பெயரைப் பார்த்து, பின் எண்ணை இட்டு அனுப்பிய பணம், விற்பவர் மனம் மாறினார் என்பதற்காகத் திரும்பி வராது. வங்கிக்கு அது பழுதற்ற பரிவர்த்தனை. உங்கள் கணக்கில் கழிந்தும் எதிர்க் கணக்கில் சேராத பணம் வேறு. இருவரிடையே நடக்கும் அத்தகைய யூபிஐ பரிவர்த்தனையில், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி மறுநாளுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. உங்கள் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்கான பாதுகாப்பும் தனியே உண்டு. தாமே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. கடன் அட்டை வழியே ஒரு வணிகத் தளத்தில் செலுத்தியிருந்தால் மட்டும், பொருள் வரவில்லை என்ற அடிப்படையில் அட்டை வலையமைப்பின் விதிப்படி மறுப்பு எழுப்ப இடமுண்டு. முன்பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் "சாரிசார்டு அச்சாரம், மீதி 38,000" என்று எழுதுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சான்றைப் பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகின்றனர்.

ஒப்பந்த மீறலும் மோசடியும் ஒன்றல்ல. தொடக்கத்திலேயே தரும் எண்ணம் இல்லாமல், இல்லாத அட்டையின் படத்தைக் காட்டிப் பணம் பறித்தால் அது குற்றம். தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். முதலில் உண்மையாகவே இசைந்து, பிறகு கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டவர் செய்தது உரிமையியல் தவறு. சினத்தில் சிலர் இரண்டாவதையும் 1930இல் பதிவு செய்துவிடுகின்றனர். அதன் விளைவாக எதிர்த் தரப்பின் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்படலாம். அதை விடுவிக்க அவர் காவல் துறைக்கும் வங்கிக்கும் இடையே அலைய நேரும். அச்சாரத்தை நியாயமாகவே வைத்துக்கொண்ட விற்பவருக்கும் இந்த நிலை நேரலாம். அந்நிலையில் கிளைக்கு வரும் விற்பவர், பேரத்தின் முழு உரையாடலையும் அட்டை அனுப்பிய ரசீதையும் கொண்டுவருவாராயின், விசாரணை அதிகாரிக்கு விளக்கம் தருவது எளிதாகும். வாக்குத் தவறியவர்களின் பெயர், படம், கைப்பேசி எண் ஆகியவற்றைப் "கரும்பட்டியல்" என்று பரப்புவோரும் அவதூறு வழக்குக்கு ஆளாகக்கூடும்.

எஞ்சியிருப்பது வயது. அட்டை சேர்ப்போரில் பள்ளி மாணவர் பலர். பதினெட்டு நிறையாதவரின் உடன்பாடு ஒப்பந்தமே ஆகாது என்பது மோஹரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் கூறியது முதல் இந்நாட்டின் உறுதியான சட்டம். நாக்பூர்க்காரர் பதினொன்றாம் வகுப்பு மாணவராயின், அவர் பின்வாங்கியதற்காக விற்பவர் இழப்பீடு கோர இயலாது. அவருடைய அச்சாரத்தை வைத்துக்கொள்வதும் கேள்விக்குரியதாகும். ஒருவரையொருவர் காணாத சந்தையில் இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அச்சாரம் வந்து சேர்ந்த அறிவிப்பில், அனுப்பியவருடைய வங்கிக் கணக்கின் பெயர் தெரியும். குழுவில் பேசியவரின் பெயரும் அதுவும் வேறாக இருந்தால், அட்டையைப் பொதி கட்டுமுன் அந்தக் கணக்குக்கு உரியவரிடம், பெரும்பாலும் தந்தை அல்லது தாயிடம், ஒருமுறை பேசிவிட வேண்டும்.